வேர்க்காத மாப்பிள்ளை

என் தம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அதனால் கோபத்தோடேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராணுவ முகாமின் பெரிய கேட்டுக்கு எதிரே என் தையல் கடை. இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி, ஓர் இஸ்திரிப் பெட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. முகாமுக்குள் இருப்பது சாதாரணப் படை இல்லை. இருட்டில் போய், காரியத்தை முடித்துவிட்டு, விடிவதற்குள் போன சுவடு தெரியாமல் திரும்பி வருகிற சிறப்புப் படை. சட்டைக் கையில் ஆந்தையும் கயிறும் போட்ட சின்னம் இருப்பதால் எங்கள் தெருவில் ஆந்தைப் படை என்றே சொல்வோம். தேர்வில் ஜெயித்தவர்கள் அந்தச் சின்னத்தைத் தைக்க என் கடைக்குத்தான் வருவார்கள். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு நின்று, என் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலையைப் பெயர்க்கிற பயல்கள் அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிதான் நிற்பார்கள்.

அந்த முகாமுக்குள் போனால் பெற்றவர்கள் வைத்த பேர் கேட்டிலேயே நின்றுவிடும். ஆளாளுக்கு ஒரு பட்டப்பேர். என் தம்பிக்கு வைத்தது ஆமை. பொருத்தமான பேர்தான். முதுகில் எவ்வளவு ஏற்றினாலும் சுமப்பான், ஆனால் ஓடு என்றால் நடப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் அடித்தால் திருப்பி அடிக்க மாட்டான், அழவும் மாட்டான். அடிக்கிற எனக்குத்தான் கை வலிக்கும்.

இந்தப் படையில் ஒரு விதி இருக்கிறது. தேர்வுக்கு வருகிற ஒவ்வொருவன் கையிலும் ஒரு மஞ்சள் பட்டை கட்டுவார்கள். இனி முடியாது என்று நினைக்கிறவன் அதை அவனாகவே அவிழ்த்து, பயிற்சியாளர் வண்டியில் தொங்குகிற வாளியில் போட வேண்டும். போட்டால் வீட்டுக்குப் போகலாம், ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இன்னொருவன் கை அந்தப் பட்டையில் படக்கூடாது. படைத்தலைவரே ஆனாலும் படக்கூடாது. தடுமாறுகிறவனிடம் கழற்றுகிறாயா என்று மூன்று முறை கேட்கலாம், அவ்வளவுதான்.

நல்ல மனசோடு போட்ட விதிதான் அது. படை ஆரம்பித்த காலத்தில், அதிகாரிகள் தங்களுக்குப் பிடிக்காதவர்களை, ஊர் பார்த்து, குடும்பம் பார்த்துக் கழித்துக் கட்டினார்களாம். சிபாரிசோடு வந்தவன் உள்ளே, திறமையோடு வந்தவன் வெளியே. படையைத் தொடங்கியவருக்கு அது பொறுக்கவில்லை. ஒருவன் முடியாது என்று அவன்தான் சொல்ல வேண்டும், அவனுக்காக வேறு எவனும் சொல்லக் கூடாது என்று பட்டையைக் கட்டிவிட்டார். கேட்கும்போது எனக்கே மனசு குளிர்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என் தம்பியே அந்த விதியால் பிழைத்தவன். அவன் தேர்வுக்குப் போனபோது இருந்த அதிகாரிக்கு இவனைக் கண்டாலே ஆகாது. "இந்த ஆமையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கழட்டிப் போடுடா!" என்று ஜீப்பில் கூடவே வந்து கத்தினாராம். இவன் கழற்றவில்லை. தேறியவர்களில் கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து அந்தப் பட்டை இவனுக்குச் சாமி மாதிரி.

அதற்குப் பிறகு பல வருஷம் எங்கே போனான், என்ன செய்தான் என்பது எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். கிளம்பும்போது, "ஒரு வேலையா போறேன்க்கா" என்பான், குழாய் ரிப்பேருக்குப் போகிறவன் மாதிரி. ஒரு முறை ஒரு ஆஸ்பத்திரியில் துப்பாக்கிக்காரர்கள் நோயாளிகளைப் பிடித்து வைத்திருந்தபோது, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் மொட்டைமாடிக்கு இறங்கி உள்ளே போனவர்களில் இவனும் ஒருவன். மறுநாள் டிவியில் மந்திரி பேசினார், அதிகாரி பேசினார், எதிரே டீக்கடை வைத்திருப்பவர்கூடப் பேசினார். உள்ளே போனவர்கள் காய்கறி லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்கள். இவன் கையுறை தேய்ந்து, உள்ளங்கைத் தோல் உரிந்துபோய், கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் என் வீட்டில் உட்கார்ந்திருந்தான். நான்தான் ஊட்டிவிட்டேன்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"கயிறு இழுத்துருச்சுக்கா."

அவ்வளவுதான் பதில். கல்லுளிமங்கன்.

ஒரு குண்டுவெடிப்பில் இடது காது போனது. பனிமலையில் கிடந்ததில் கால் விரல் இரண்டு போயின. எந்த அறைக்குப் போனாலும் கதவைப் பார்த்துத்தான் உட்காருவான். கல்யாணப் பேச்சு எடுத்தோம். "மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்று பெண் வீட்டில் கேட்டதற்கு, "அங்க இங்க போற வேலை" என்றான். கடத்தல்காரன் என்று நினைத்துவிட்டார்கள். அதோடு அந்தப் பேச்சும் நின்றது. கடைசியில் முழங்கால் இரண்டும் தேய்ந்தபோது, தேர்வுக்கு வருகிறவர்களை நடத்திச் செல்கிற பயிற்சியாளர் ஆக்கினார்கள். இனியாவது உயிரோடு இருப்பான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தான்.

கல்யாணம் ஆன கையோடு தேர்வுக்கு வந்ததால் அந்தப் பையனுக்கு அப்படிப் பேர். சட்டை தோளில் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துக் கொடுங்கள் அக்கா என்று என் கடைக்கு வந்திருக்கிறான். சிரித்த முகம். அவன் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள், மூக்குக்கண்ணாடி விற்கிற கடை. "அவகிட்ட நான் மூணே மாசத்துல திரும்பி வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்க்கா. நீங்க சின்னத்தை நேரா தெச்சுக் குடுத்துடணும்" என்றான். இன்னும் தேர்வே முடியவில்லை, அதற்குள் சின்னத்துக்கு முன்பதிவு! போடா என்று விரட்டினேன்.

கடைசித் தேர்வு நெடுநடை. முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி, மேடும் பள்ளமுமான பொட்டல் வழியாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். கோடைக் காலத்தில் அதை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அந்த வருஷம் அதைப் பார்க்க மேலிடத்திலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் காலையில் சாவகாசமாக எழுந்து, சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். அவர்கள் கொடி அசைத்துத்தான் நடை தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் மேஜர். அந்த மேஜருக்கு நான் வைத்த பேர் இஸ்திரி. அவர் சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். என் கடையில் தேய்த்த சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் மூன்று தடவை திருப்பி அனுப்புகிற மனிதர். முதுகில் மூட்டையோடு நின்ற பயல்களை மட்டும் வெயில் ஏறுகிறவரை மைதானத்தில் காய விட்டார். டாக்டரையும் அவருடைய வண்டியையும் விருந்தினர்கள் இருந்த கூடாரத்திலேயே நிறுத்திக்கொண்டார். ஒரு பெரிய மனுஷருக்குத் தலை சுற்றினால் என்ன ஆவது, பாருங்கள்!

பாதி வழியில் எல்லோரும் குளித்து எழுந்தவர்கள் மாதிரி நனைந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் சட்டை மட்டும் காய்ந்திருக்கிறது. முகம் சிவந்து, தோல் உலர்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்து என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? மற்றவர்களிடம் உரக்கச் சொன்னானாம்: "பாருங்கடா! மாப்பிள்ளைக்கு ஒரு சொட்டு வேர்வை இருக்கா? இவன்டா ஆம்பளை!"

என் வாயால் இதைச் சொல்லும்போதே அவனை அறைய வேண்டும் போல இருக்கிறது. வேர்வை நின்றுபோனால் உடம்பு உள்ளே வேக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் பந்தல் போடுகிற ஆட்களுக்குத் தெரியும் அது. இவர்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வலிக்கவில்லை, பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று சொல்பவனைத் தட்டிக்கொடுத்தே பழகிய கூட்டத்துக்கு, வேர்க்கவில்லை என்பதும் வீரமாகத்தான் தெரிந்திருக்கிறது.

கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளை பாதையை விட்டு விலகிப் புதருக்குள் நடந்திருக்கிறான். அப்போதுதான் இவனுக்குச் சுருக்கென்றது. ஓடிப் போய்த் தோளைப் பிடித்து நிறுத்தி, விதிப்படி கேட்டான்: "பட்டையைக் கழட்டுறியா?"

"முடியும் சார்."

"கழட்டுறியாடா?"

"முடியும் சார்."

மூன்றாம் முறையும் அதே பதில். மூளை வெந்துகொண்டிருக்கிற ஒருவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான் என் தம்பி. கைக்கு எட்டுகிற தூரத்தில் பட்டை. இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அவன் கை போகவில்லை. பட்டை கையில் இருக்கும்வரை நடந்தாக வேண்டும். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் நடந்து, விழுந்தான். வயர்லெஸில் கூப்பிட்டு, கூடாரத்திலிருந்து டாக்டர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவிழ்க்காத பட்டையோடுதான் அவனைத் தூக்கிப் போனார்கள்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்பே இஸ்திரி மேஜர் என் தம்பியைக் கூப்பிட்டு, "காலையிலயே அவனுக்குக் காய்ச்சல் இருந்திருக்கு. மறைச்சுட்டான். புரியுதா?" என்று சொல்லிவிட்டார். தம்பி வந்து என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்ன சொல்லப் போற?" என்றேன்.

கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துட்டு உன் புருஷன் பொய் சொன்னான்னு சொல்லுவியா? செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லவா போறான்? சொல்லிட்டு வா. உனக்குப் பதவி உயர்வுகூடக் குடுப்பாங்க."

"அக்கா, போதும்."

"எனக்குப் போதாதுடா!"

கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜையில் அறைந்தேன். நல்ல கத்தரிக்கோல், முனை உடைந்ததுதான் மிச்சம்.

விசாரணை நாளில் மாப்பிள்ளையின் மனைவி தனியாக வந்து இறங்கினாள். குடும்பத்தார் துணைக்கு ஒருவரோடு உட்காரலாம் என்றார்கள். அவளுக்குத் துணை யாரும் இல்லை. நான் போய், "நான் அந்தப் பயிற்சியாளரோட அக்கா. உனக்குச் சம்மதம்னா பக்கத்துல உக்காருறேன். வேணாம்னா போயிடுறேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவருக்குச் சட்டை பிடிச்சுக் குடுத்தது நீங்கதானா?" என்று கேட்டாள். போனில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

நீண்ட மேஜை. நடுவில் கர்னல், இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். மேஜர் வந்து, அவன் உடல்நலக் குறைவை மறைத்தான் என்றார். டாக்டர் வந்து, இருக்கலாம் என்றார். வேலிக்கு ஓணான் சாட்சி. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் 'மறைத்தான்' என்ற சொல் வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

என் தம்பியைக் கூப்பிட்டார்கள். நின்றான்.

"அவன் எதையும் மறைக்கல சார். எல்லாம் கண்ணுக்கு முன்னாடிதான் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துட்டு, வேர்க்கலன்னு பாராட்டினேன்."

மேஜர் தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். தம்பி நிறுத்தவில்லை. நடை ஏன் தாமதமாகத் தொடங்கியது, டாக்டர் வண்டி எங்கே நின்றது, எல்லாவற்றையும் சொன்னான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கர்னல் கேட்டார்: "அதெல்லாம் இந்த விசாரணையில வராது. நீங்க விதிப்படி மூணு தடவை கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"முடியும்னு அவர் சொன்னாரா?"

"சொன்னான். ஆனா சார், அவனுக்கு அப்ப சுய நினைவே..."

"சொன்னாரா, இல்லையா?"

"சொன்னான் சார்."

"சரி."

அந்த ஒரு 'சரி'யில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள். மறைத்தான் என்ற பழியை மட்டும் எடுத்துவிட்டு, விதி மீறப்படவில்லை, யார் மீதும் தவறில்லை என்று தீர்ப்பு சொன்னார்கள். என் தம்பி உண்மையைச் சொன்னான், அந்த உண்மையையே துடைப்பமாக்கித் தங்கள் வாசலைப் பெருக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் எழுந்தாள். "யார் மேலயும் தப்பில்லைன்னா அவர் ஏன் சார் செத்தார்?" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். கர்னல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் வந்து எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

வெளியே தம்பி நின்றான். அவள் அவனிடம் போனாள். அறைவாள் என்று நினைத்தேன், அறையட்டும் என்றும் நினைத்தேன். "அவர் கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"முடியும் சார்னு சொன்னான்மா."

"என்னைப் பத்தி எதுவும் சொல்லலையா?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். இவன், "இல்லம்மா" என்றான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவள் நம்பத் தகுந்த ஒரே ஆள் இவன்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவள் தன் ஊருக்குத் திரும்பவில்லை. கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டு என் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்தாள். ஏன் இந்தக் கேட்டுக்கு எதிரேயே உட்காருகிறாய், வேறு எங்காவது போயேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அடுத்த தேர்வு எப்போ நடக்கும்க்கா?" என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இருந்தாள்.

அடுத்த தேர்வு வந்தது. அதே பொட்டல், அதே மஞ்சள் பட்டை, அதே வாளி. விருந்தினர்கள் வேறு, கூடாரம் அதேதான். ஆள் இல்லை என்று என் தம்பியையே நடத்திப் போகச் சொன்னார்கள். வந்து என்னிடம் சொன்னான். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"வெக்கமா இல்லையாடா? மறுபடியும் அந்த வாளியைத் தூக்கிட்டுப் போகப் போறியா?"

"நான் போகலன்னா வேற ஒருத்தன் போவான்க்கா. அவன் விதிப்படி மூணு தடவை கேப்பான்."

சொன்னது எனக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்து மெஷினில் இருந்தவளுக்கு விளங்கியது. தைப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

அந்த முறை ஒரு பையன். சுண்டெலி என்று பேர், குட்டையாக, துறுதுறுவென்று இருப்பான். பாதி வழிக்கு மேல் அவன் பேச்சு குழறியது. பக்கத்தில் நடந்தவனை அண்ணா என்று கூப்பிட்டான், இல்லாத நாயை விரட்டினான். என் தம்பி கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நேராகப் போய் அவன் கையிலிருந்த பட்டையைப் பிடித்து இழுத்தான். சுண்டெலி அவன் மூக்கில் குத்தினான், கடித்தான். ரத்தம் ஒழுக ஒழுக அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தேய்ந்த முழங்காலோடு ஓடினான். ஓடு என்றால் நடக்கிறவன் அன்றைக்கு ஓடியிருக்கிறான். தண்ணீர் லாரியை நிறுத்தி, பள்ளத்தில் தார்ப்பாயை விரித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பையனைக் கழுத்துவரை அதில் கிடத்தினான். டாக்டரைத் தன்னிடம் வரச் சொன்னான். மேஜர் வயர்லெஸில், "பட்டையை யார் எடுத்தது?" என்றுதான் முதலில் கேட்டாராம். பையன் எப்படி இருக்கிறான் என்று இரண்டாவதாகவும் கேட்கவில்லை.

ஒரு மனிதன் செத்தபோது விதி மீறப்படவில்லை என்றவர்கள், ஒரு மனிதன் பிழைத்தபோது விதி மீறப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். இந்த முறை விசாரணை சீக்கிரம் முடிந்தது. ஆந்தைச் சின்னம் போடக் கூடாது, படையில் இருக்கக் கூடாது, ஏதோ ஒரு கிடங்கில் பூட்ஸ் எண்ணுகிற வேலைக்குப் போ என்று விரட்டிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பட்டையைத் தொட்டவனாம்! காது போனது, விரல் போனது, முழங்கால் போனது, அதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

கிடங்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்ட சுண்டெலி நேராக வந்து நின்றான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து, பெஞ்சில் கிடந்த சட்டைகளை எடுத்து இடம் விட்டேன்.

"என் பட்டையைத் தொட நீ யாருய்யா?" என்று ஆரம்பித்தான். "முடியாதுன்னு நான் சொன்னேனா? ரெண்டு வருஷமா இதுக்காக ஓடியிருக்கேன். ஒரே நிமிஷத்துல என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் ஊருக்குப் போவேன்?" இன்னும் என்னென்னவோ சொன்னான், எழுதக் கூடாத வார்த்தைகள். தெருவில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து இரண்டு போடலாம் என்று போனபோது, மாப்பிள்ளையின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா, திட்டட்டும்" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "நிறுத்தாதீங்க. இன்னும் நல்லாத் திட்டுங்க" என்றாள்.

அவன் தடுமாறினான். "நீங்க யாரு?"

"மாப்பிள்ளையோட வீட்டுக்காரி."

முகாமில் அந்தப் பேர் தெரியாதவர்கள் இல்லை.

"அவர் யாரையும் திட்டலை. நீங்களாவது திட்டுங்க. கேட்டுட்டு இருக்கேன்."

தெருவில் நின்றவர்கள் மெல்லக் கலைந்தார்கள். சுண்டெலிக்கு உடம்பு இன்னும் தேறவில்லை. உட்கார வேறு இடம் இல்லாததால் பெஞ்சில் என் தம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"இருந்தாலும் நீங்க தொட்டிருக்கக் கூடாது சார்" என்றான் கடைசியில். "நான் முடிச்சிருப்பேன்."

"எல்லாரும் அதைத்தான்டா சொல்றீங்க" என்றான் என் தம்பி.